முந்திக் கரையேறியவள்

ஏறுகிறது, இறங்குகிறது. என் நெஞ்சின்மேல் கிடக்கும் மகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவள் மூச்சு விடுவதால் ஏறுகிறாளா, நான் மூச்சு விடுகிற விசையில் சும்மா தூக்கப்படுகிறாளா என்று தெரியவில்லை. உட்கார வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது, அதற்குள் இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் வர இடம், பொழுது எதுவும் வேண்டாம், கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும்போது கேஸை அணைத்தோமா என்று வரும். ஒரு சாய்வு நாற்காலி, பொத்தான் எல்லாம் திறந்த சட்டை, குளித்துத் துடைத்த வெறும் நெஞ்சு, அதன்மேல் டயப்பரும் குல்லாவும் காலுறையும் மட்டும் போட்டுக் குப்புறக் கிடத்தப்பட்ட பிள்ளை, எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றிய துணி. கங்காரு பராமரிப்பு என்று எதிர்ச் சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்கள். படத்தில் உள்ள தகப்பன் நன்றாகச் சிரிக்கிறான். அவனுக்கென்ன, அவன் பிள்ளை வரைந்த பிள்ளை. என்னுடையது இரண்டு மாதத்துக்கு மேலேயே முந்திக்கொண்டு வந்தது. "தளவாய் சார், ஒரு மணி நேரம். நீங்க பாட்டுக்குச் சாதாரணமா மூச்சு விட்டுக்கிட்டு உட்காருங்க, அதுவே அவளுக்கு ஒரு தாளம்" என்று டாக்டர் நிலோஃபர் சொல்லிவிட்டுப் போனார். பதறுகிறவர்களிடம் டாக்டர்கள் இப்படி எதையாவது சொல்வது வழக்கம்தானே என்று தலையை ஆட்டினேன். தாளமாம். எனக்கு வேண்டியது தாளம் இல்லை, அவள் மூச்சு விடுகிறாள் என்பதற்கு ஒரு சாட்சி. ஆகவே நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நான் அசையாவிட்டால் மிச்சம் இருக்கும் அசைவு அவளுடையதுதானே. உள்ளங்கைக்குக் கீழே, துணிக்கு அடியில், அவள் முதுகு மெல்ல விரிந்தது, சுருங்கியது. சரி. விடுகிறாள். நானும் விட்டேன்.

முந்தாநாள்தான் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். எடுத்ததிலிருந்து அவளாகத்தான் இழுக்கிறாள், மூக்கில் ஒரு மெல்லிய காற்றுக் குழல் மட்டும் துணைக்கு. ஆனால் இடையிடையே மறந்துவிடுகிறாள். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நோய் என்று சொல்வதில்லை, மறதி என்கிறார்கள். ஜெபராணி சிஸ்டர் முதல் நாளே சொன்னாள், "முந்திப் பொறந்த பிள்ளைகளுக்கு மூச்சு விடணும்ங்கதே மறந்துரும் சார். பாதத்துல ஒரு சுண்டு சுண்டினா ஞாபகம் வந்துரும்." சொல்லிக்கொண்டே பக்கத்துப் பெட்டியில் ஒரு பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள், கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி. அது முகத்தைச் சுளித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. நேற்று என் மகளுக்கு நான்கைந்து தடவை சுண்டினார்களாம். இன்று காலையில் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். சுண்டியும் நினைவு வரவில்லை என்றால் மறுபடி குழாய்தான் என்றார். போட்டுவிடலாம், அது ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் இந்த நுரையீரல் இன்னொரு தடவை அந்த மெஷினைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். தாங்குமா என்று சொல்ல முடியாது. இந்த வாக்கியத்தை நான் காலையிலிருந்து பல தினுசில் பிரித்துப் பார்த்துவிட்டேன். சொல்ல முடியாது என்றால் தெரியாது என்றா, தெரியும் ஆனால் உங்களிடம் சொல்ல மாட்டேன் என்றா. மூச்சைப் பிடித்தேன். முதுகு விரிந்தது. விட்டேன்.

மூச்சை மறப்பது. மீன் மறக்குமா? மீனுக்குத் தண்ணீர் வாய்வழியே போய்ச் செவுள்வழியே வருகிறது, நீந்தினாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கரைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு மூச்சுக்கும் கூலி வேலை. நான் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார், இதைத்தான் வருஷாவருஷம் முதல் வருஷப் பையன்களுக்குச் சொல்கிறேன், நீரிலிருந்து நிலத்துக்கு என்று போர்டில் பெரிதாக எழுதி. ஒரு மீன் கரைக்கு வந்தால் அதற்கு என்னென்ன சிக்கல் என்று கேட்பேன். குழம்பு வைப்பாங்க சார் என்று ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் சொல்வான், நானும் ஒவ்வொரு வருஷமும் சிரிப்பேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்வேன். உடம்பைத் தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்தது, இனி எலும்புதான் தாங்க வேண்டும். தோலில் இருந்து ஈரம் போய்விடும். கண் காய்ந்துவிடும். காற்றை உள்ளே இழுத்து ஒரு பைக்குள் வைக்க வேண்டும், அந்தப் பை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு உற்சாகமாகச் சொல்லியிருக்கிறேன். ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லும்போது இரண்டு ஈரமான கைகளையும் சேர்த்து வைத்துப் பிரித்துக் காட்டுவேன். இவள் பிறந்த அன்று டாக்டர் அதே மாதிரி கையைச் சேர்த்து வைத்து எனக்குக் காட்டினார். நுரையீரலின் அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு வழவழப்பு ஊற வேண்டும் சார், அது கடைசி மாதங்களில்தான் ஊறும், இவளுக்கு இன்னும் ஊறவில்லை, மருந்தாக ஊற்றுகிறோம் என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது. அந்த மருந்து மாட்டின் நுரையீரலிலிருந்து எடுப்பது. எங்கேயோ ஒரு மாடு மேய்ந்து, நடந்து, மூச்சு விட்ட நுரையீரலின் ஈரம் இவள் நெஞ்சுக்குள் இருக்கிறது. நாலு கால் கூட்டத்தில் நாம் எல்லோரும் சொந்தக்காரர்கள்தான் என்று மனைவி ஆவுடையிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஆவுடை கீழ்த்தளத்து வார்டில் இருக்கிறாள். அவள்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறி, கண் இருட்டி, வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் இல்லை என்றார்கள். அதிலிருந்து தேறி, இன்று பிள்ளையை மாரில் போட்டுக்கொள்ளப் போகிறோம் என்று தலை வாரி உட்கார்ந்திருந்தவளுக்கு விடியும்போது காய்ச்சல். காய்ச்சலோடு உள்ளே விட மாட்டார்கள். "நீங்க போங்க" என்றாள். "ஒங்க நெஞ்சாவது சும்மாதானே கெடக்கு." கிண்டல் செய்தாள், ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் செய்தாள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை. ஊரில் எல்லோரும் பிள்ளையைச் சாமி கொடுத்தது என்பார்கள், என் வீட்டுக்காரர் மட்டும் மீன் கொடுத்தது என்பார் என்று மாசமாக இருந்தபோது எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிப்பில்லை. பேர் வைக்கவும் விடவில்லை. "பேரு வச்சா கூப்பிடணும். கூப்பிட்டா வரணும். மொதல்ல நல்லா மூச்சு விடட்டும்" என்றுவிட்டாள். ஆகவே பெட்டியில் கட்டிய அட்டையிலும் இந்தக் கை வளையத்திலும் ஆவுடைச்செல்வியின் குழந்தை என்றுதான் இருக்கிறது. அந்தக் கை வளையம் என் மோதிரத்துக்குள் நுழையும். கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினாள், கை சுட்டது. "ஆயாகிட்ட கேட்டு விடுவேன். ஒத்தை வார்த்தைல பதில் சொல்லி அனுப்புங்க. விடுதா, இல்ல விடல. பொய் சொல்லக் கூடாது, மீன் கதையும் வேண்டாம்." நான் சரி என்றேன். ஒற்றை வார்த்தைக்குத் தேவையான சாட்சியைத்தான் இப்போது சேகரித்துக்கொண்டிருக்கிறேன். பிடித்தேன். கொஞ்சம் தாமதமாக, ஆனால் விரிந்தது. விட்டேன்.

கழுத்து. கழுத்து மடங்கிவிட்டதா? முகவாய் நெஞ்சில் இடிக்கக் கூடாது, தலை ஒரு பக்கமாகத் திரும்பி லேசாக நிமிர்ந்து இருக்க வேண்டும், மடங்கினால் மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும் என்று சிஸ்டர் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். குனிந்து பார்க்கவும் முடியவில்லை, குனிந்தால் என் முகவாய் அவள் குல்லாவில் இடிக்கிறது. மீனுக்குக் கழுத்தே கிடையாது, தலையும் தோளும் ஒரே கட்டு. கரைக்கு வருகிற வழியில் தோளெலும்பு மண்டையை விட்டுப் பிரிந்து, நடுவில் கழுத்து என்று ஒன்று உண்டானது. உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பி அக்கம்பக்கம் பார்க்கலாம். எவ்வளவு பெரிய வசதி என்று வகுப்பில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டியிருக்கிறேன். அந்த வசதிதான் இப்போது எனக்குச் சிக்கல். மடங்கக்கூடிய இடம் என்று ஒன்று இருந்தால் அது மடங்கிவிடலாம் அல்லவா. இரண்டு விரலைக் குல்லாவுக்குக் கீழே கொண்டுபோய்த் தடவினேன். மடங்கவில்லை. கழுத்தா அது, ஈரமான பூக்காம்பு. தோல் கையில் ஒட்டுவது மாதிரி இருக்கிறது. வந்த புதிதில் தோல் அவ்வளவு மெலிசாக இருந்தது, உள்ளே ஓடுகிற நீலம் தெரிந்தது, உடம்பின் ஈரம் முழுக்கத் தோல்வழியே காற்றில் போய்விடும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் நீராவி ஊதி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி வைத்திருந்தார்கள். தவளைத் தோல். தவளை அதனால்தானே குளத்தை விட்டுத் தூரமாகப் போவதில்லை. நிலத்தில் தங்குவதற்கு முதலில் வேண்டியது காலில்லை, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற தோல். நாங்கள் ஒரு பெட்டிக்குள் குளத்தை வைத்திருந்தோம். இப்போது தோல் கொஞ்சம் தடித்துவிட்டது, பூட்டத் தெரிந்துகொண்டுவிட்டது என்று பெட்டியை விட்டு வெளியே எடுத்திருக்கிறார்கள். கண்ணைத் திறக்கிறாள், இமையைக் கொட்டுகிறாள், ஆனால் கண்ணீர் மட்டும் இன்னும் வரவில்லை. குழாய் இருந்த நாட்களில் அழுகைச் சத்தமும் வராது, குழாய் குரல் நாணுக்கு நடுவே போகிறது. வாய் மட்டும் அழும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தமில்லாமல், கண்ணீரில்லாமல் ஒரு அழுகை. முந்தாநாளுக்குப் பிறகும் நான் அவள் குரலைக் கேட்கவில்லை. நான் வருகிற நேரமெல்லாம் தூங்குகிறாள்.

மணி அடிக்கிறது. பக்கத்துத் திரையில் ஆக்சிஜன் எண் இல்லை, கோடு கோடாக வருகிறது. ஜெபராணி சிஸ்டர் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். "அது சும்மா சார். காலை ஆட்டியிருக்கா, வயரு லூசாயிட்டு. நீங்க ஏன் இப்படி வேர்க்கீங்க?" இடது பாதத்தில் சிவப்பு வெளிச்சம் எரியும் பட்டையைச் சரியாகச் சுற்றினாள். திரையில் எண் வந்தது, தொண்ணூறுக்கு மேலே. தொண்ணூறுக்குக் கீழே போனால் மணி அடிக்கும், வயர் கழன்றாலும் அதே மணிதான் அடிக்கும். இதை எவன் செய்தான். உயிர் போவதற்கும் வயர் போவதற்கும் ஒரே சத்தத்தையா வைப்பது. வலது காலுறை பாதி கழன்று தொங்கியது, ஆவுடையின் சித்தி பின்னியது, எவ்வளவு சின்னதாகப் பின்னியும் பெரிதாகத்தான் இருக்கிறது. சிஸ்டர் அதை முழுக்கக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்தாள். "பாதம் வெளிய இருக்கட்டும், கண்ணுக்குத் தெரிஞ்சாதான் சௌரியம்" என்றாள். எதற்குச் சௌரியம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கால் துணிக்கு வெளியே வந்து என் இடது கைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஐந்து விரல். கரைக்கு வந்த முதல் கூட்டத்துக்கு எட்டு விரல்கூட இருந்திருக்கிறது, பிறகுதான் ஐந்து என்று முடிவாகி, இன்றுவரை தவளை, ஓணான், மாடு, மனிதன் எல்லோரும் அந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டதுதான். என் சுண்டுவிரல் நீளம்கூட அந்தப் பாதம் இல்லை. இன்னும் ஒன்று சொல்வேன் வகுப்பில். கால் முளைத்தது நடப்பதற்காக இல்லை. கால் முளைத்தது தண்ணீருக்குள்ளேயே, செடி அடர்ந்த ஆழமில்லாத நீரில். நுரையீரலும் தண்ணீருக்குள் இருந்தபோதே வந்துவிட்டது. எல்லாம் அங்கேயே தயாராகி, அப்புறம்தான் கரையேறினார்கள், வெறுங்கையோடு யாரும் வரவில்லை. இவள் வந்துவிட்டாளே. தயாராகும் முன்னே கரையில் தூக்கிப் போட்டுவிட்டோமே. பிடித்தேன். எங்கே. எங்கே. இதோ, விரிந்தது. இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா.

பெட்டியில் மல்லாத்திப் போட்டால் இவள் கால் இரண்டும் அகன்று முட்டி மடங்கித் தட்டையாக விழும். தவளை மாதிரிக் கிடக்கிறாள் பாருங்க, தசைக்கு இன்னும் முறுக்கு வரவில்லை, வயிற்றுக்குள்ளே மிதந்துகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று எடை வந்துவிட்டது என்று டாக்டர் நிலோஃபர் ஏதோ செல்லமாகத்தான் சொன்னார். தவளை என்ற சொல்லை அவர் சொல்லியிருக்க வேண்டாம். என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இன்னும் தவளைகளை வகுப்பில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இல்லை, கம்ப்யூட்டரில் படம்தான். அப்போது செய்முறை வகுப்பில் ஒன்று உண்டு. தவளையின் மூளையை மட்டும் அழித்துவிட்டுத் தண்டுவடத்தை விட்டுவிடுவோம். அதை ஸ்டாண்டில் தொங்கவிட்டால் கால் இரண்டும் நீண்டு தொங்கும். பாதத்தைக் கிள்ளினாலோ சுண்டினாலோ காலைச் சட்டென்று மேலே இழுத்துக்கொள்ளும். பெண் பிள்ளைகள் ஐயோ உயிர் இருக்கு சார் என்பார்கள். இல்லை, இது உயிர் இல்லை, பாதத்திலிருந்து தண்டுவடத்துக்குப் போய்த் திரும்பி வருகிற நரம்பு வேலை, தவளைக்கு எதுவும் தெரியாது என்று விளக்குவேன். விளக்கிக்கொண்டே மறுபடி சுண்டிக் காட்டுவேன். என் வலது கை நடுவிரல் எத்தனையோ பாதங்களைச் சுண்டியிருக்கிறது, ஒன்றுகூட உயிரோடிருந்த பாதம் இல்லை. அந்த விரல் இப்போது என் மகளின் முதுகில் இருக்கிறது. எடுத்துவிடலாமா. எடுத்தால் துணி நழுவும். சுண்ட வேண்டி வந்தால் சிஸ்டர் சுண்டட்டும், அவள் விரல் பழகிய விரல். எனக்கு அந்தக் கால் இழுத்துக்கொள்வதைப் பார்க்க முடியாது. இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது என்று எப்படி நம்புவேன். சிஸ்டர் எங்கே? எதிர்ப் பக்கத்தில், கையுறை போட்டு, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, வேறொரு பிள்ளையின் கையில் ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருக்கிறாள். நரம்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது, குனிந்தவள் நிமிரவில்லை. பிடித்துப் பார்க்கலாம். பிடித்தேன்.

விரியவில்லை. அவசரப்படாதே, போன தடவையும் தாமதமாகத்தான் விரிந்தது. நான் இன்னும் பிடித்துக்கொண்டேன், உறுதியாகத் தெரிய வேண்டும், என் அசைவு ஒரு நூல்கூடக் கலக்கக் கூடாது. விரியவில்லை. மணி அடித்தது. வயர் என்று துணியை விலக்கி இடது பாதத்தைப் பார்த்தேன், பட்டை சரியாகத்தான் இருந்தது, சிவப்பு வெளிச்சம் எரிந்தது. திரையில் கோடு இல்லை, எண் இருந்தது, எண் இறங்கிக்கொண்டிருந்தது. நான் இன்னும் மூச்சை விடவில்லை. "சிஸ்டர்" என்றேன், மிச்சமிருந்த காற்றில். அவள் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். "கழுத்து நேரா இருக்கா பாருங்க. இருக்கா? பாதத்தைச் சுண்டுங்க சார். நான் ஊசியப் புடிச்சிருக்கேன், இந்தா வந்துட்டேன்." நான் பாதத்தைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது, அல்லது என் விரல் குளிர்ந்திருந்தது. தடவினேன். "தடவாதீங்க சார், சுண்டுங்க" என்றாள் அங்கிருந்தே. வாயோரம் நீலம். நடுவிரலை மடக்கிக் கட்டைவிரலால் பிடித்தேன், அந்த விரலுக்கு வேறு எதுவும் தெரியாது, இது மட்டும் நன்றாகத் தெரியும். சுண்டினேன். கால் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டது. அதே இழுப்பு. முட்டி மடங்கி, பாதம் திரும்பி, அச்சு அசல் அதே இழுப்பு, பிறகு மெதுவாகத் தொங்கியது. முதுகு விரியவில்லை. இது உயிர் இல்லை, இது பாதத்திலிருந்து போய்த் திரும்பி வருகிற நரம்பு வேலை என்று வகுப்பில் என் குரல் சொன்னது. மறுபடி சுண்டினேன். மறுபடி இழுத்துக்கொண்டது. மேலே எதுவும் இல்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "சார், நீங்க மொதல்ல மூச்ச விடுங்க" என்று சிஸ்டர் அதட்டினாள், அப்போதுதான் நான் இன்னமும் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

விட்டேன். விட்ட வேகத்தில் என் நெஞ்சு பள்ளமாக இறங்கியது, அடங்காத பசியோடு மறுபடி காற்றை இழுத்து முழுக்க எழுந்தது, என் மகள் கீழே போய் மேலே வந்தாள், விரல் தானாக இன்னொரு முறை சுண்டியது. அவள் முதுகுக்குள் ஏதோ ஒன்று இடறியது. விலா எல்லாம் ஒருசேர உள்ளே இழுபட்டு விரிந்தது. பிறகு ஒரு சத்தம். தொண்டை கட்டிய, கரகரத்த, மழை ராத்திரியில் வயல் பக்கம் கேட்கிற மாதிரி ஒரு சத்தம், அது அழுகை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை நாள் குழாய் உரசிய குரல். மூளையை இழந்த எந்தத் தவளையும் கத்தியதில்லை. இது நரம்பு வேலை இல்லை. இது இவள். சிஸ்டர் வந்துவிட்டாள், வேறு கையுறை மாற்றி, முதுகில் கையை வைத்து, திரையைப் பார்த்து நின்றாள். எண் ஏறியது, வாயோரத்து நீலம் போய் அழுக்குச் சிவப்பு வந்தது. "அழுதுட்டா. நல்லது" என்றாள். நானும் அழுதேன், எனக்குக் கண்ணீர் வந்தது. டாக்டர் நிலோஃபர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். தூக்கிக்கொண்டு போகப்போகிறார், குழாயோடு காத்திருக்கிறார்கள், சொல்ல முடியாது என்ற அந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று இருந்தேன். "சுண்டினதும் வந்துட்டாளே சார், அப்ப குழாய் இப்ப வேண்டாம். இறக்க வேண்டாம், இங்கேயே இருக்கட்டும். இங்கேதான் நல்லா இருக்கா" என்றார். போகிறபோது திரும்பி, "சாதாரணமா மூச்சு விடுங்கன்னு சொன்னேன்ல?" என்றார்.

சொன்னார். தாளம் என்றார். நான் அதை மரியாதைப் பேச்சு என்று நினைத்தேன். ஒரு பிராணியைக் கவனிக்க வேண்டுமானால் கவனிக்கிறவன் அசையக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். மைக்ராஸ்கோப்பைத் தொட்டுக்கொண்டு இருமாதே, மேசையில் கை வைக்காதே, மூச்சைப் பிடி. இத்தனை நாள் ஒரு வயிற்றுக்குள் ஆவுடையின் மூச்சோடு ஏறி இறங்கிக் கிடந்தவள். மறந்துபோகிற போதெல்லாம் அடியில் ஏதோ ஒன்று அசைந்து நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் நெஞ்சில் கொண்டுவந்து போட்டார்கள், பாதத்தைச் சுண்டுவதற்குப் பதிலாக என் விலா அவளைச் சுண்டட்டும் என்று. நான் என்ன செய்தேன், விடுகிறாளா என்று பார்க்க நெஞ்சை நிறுத்தினேன். நான் நிறுத்திய ஒவ்வொரு முறையும் அவள் தாமதித்துத்தான் விட்டாள், அதையும் கவனித்தேன், கவனித்துவிட்டு இன்னும் நீளமாகப் பிடித்தேன். படித்த முட்டாள் என்று ஆவுடை சொல்வாள், சொல்லட்டும். இப்போது என்ன செய்வது. இன்னும் பாதி நேரம் இருக்கிறது. பிடித்துப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது. தெரிந்துகொள்ளக் கூடாது. அதுதான். தெரியாமலேயே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாதாரணமாக மூச்சு விடு என்று சொன்ன பிறகு சாதாரணமாக விடுவது எவ்வளவு கஷ்டம், இழுக்கிறேன் என்று நினைத்து இழுத்தால் பாதியில் முட்டுகிறது. இழுத்தேன். விட்டேன். உள்ளங்கையை அவள் முதுகில் இருந்து கொஞ்சம் கீழே, இடுப்புப் பக்கமாக இறக்கி வைத்துக்கொண்டேன், விரிகிறதா என்று வேவு பார்க்க முடியாத இடத்தில். இன்னொரு முறை மறக்கலாம். நாளை மறக்கலாம். திரை இருக்கிறது, சிஸ்டர் இருக்கிறாள், பாதம் வெளியே இருக்கிறது, விரலுக்கும் இப்போது ஒரு உயிருள்ள பாதம் தெரியும். பயம் போகவில்லை, வயிற்றில் அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் அதுவும் என்னோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது.

கதவு லேசாகத் திறந்து ஆயாவின் தலை உள்ளே வந்தது. "சார், கீழ அஞ்சாம் கட்டில்ல ஒங்க வீட்டம்மா கேக்காங்க. பாப்பா மூச்சு விடுதான்னு. ஒத்த வார்த்தைல கேட்டுட்டு வரச் சொன்னாங்க." கை தானாக முதுகை நோக்கி மேலே போனது, நெஞ்சு நிற்கப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. கையைக் கீழே கொண்டுவந்தேன்.

"விடுதோம்னு சொல்லுங்க" என்றேன்.

"விடுதோமா?"

"ஆமா, அப்படியே சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."

ஆயா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். நான் மூச்சை இழுத்தேன், இருவரும் ஏறினோம்.